உல்லம் ஏறிய ஆறுகள்

கொல்கத்தாவின் கிழக்கெல்லையில் எழுந்துள்ள நியூ டவுனில் குடியேறி வாழும் தமிழர், ஆடி மாதத்து மழை பிடித்ததும் ஒரு புதுமையைக் காண்பர். பதினைந்தாம் மாடியில் குடியிருப்பவரும், அதே கட்டடத்தின் வாயிலைக் காத்து நிற்பவரும், ஒரே பொருளைப் பற்றி ஒரே ஆவலுடன் பேசத் தொடங்குவர். இலிஷ் வந்துவிட்டதா? ஹூக்ளி ஆற்றினதா, கடலில் பிடித்ததா, பர்மாவிலிருந்து பனிக்கட்டியில் வந்ததா? முட்டை வைத்ததா, வைக்காததா? கிழக்கு வங்கத்துக் குடும்பங்களில் விஜயதசமிக்குப் பின் இந்த மீனை உண்பதை நிறுத்திவிட்டு, வசந்த பஞ்சமியன்று வரும் அவர்களது சரஸ்வதி பூஜையில் ஜோடி மீனாக வாங்கி, மஞ்சளும் குங்குமமும் இட்டு மீண்டும் தொடங்கும் வழக்கம் உண்டு. ஈஸ்ட் பெங்கால் கால்பந்தாட்டக் குழு வென்றால் இலிஷ், மோகன் பகான் வென்றால் இறால் என்று ஊரே இரு கட்சியாகப் பிரிவதையும் நாம் கேட்டிருக்கிறோம். புலால் உண்ணாத நேயர்கள் பொறுத்தருள வேண்டும். நாம் சொல்லப் புகுவது சமையலைப் பற்றிய செய்தி அன்று, ஆறுகளைப் பற்றிய வரலாறு.

இந்த மீனுக்குத் தமிழில் என்ன பெயர் என்று நியூ டவுனில் ஒரு வங்காளி நண்பர் கேட்டால், நம்மவரில் பெரும்பாலோர் விழிப்பர். தமிழ்நாட்டில் இல்லாத மீன் என்றே பலர் விடை கூறுவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு சொல் வழக்கொழிவது எப்படி என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு. பொருள் கண்ணுக்கு மறைந்தால் சொல் நாவினின்று மறைகிறது. இந்த மீனின் தமிழ்ப் பெயர் உல்லம். கடற்கரையில் முதிய மீனவரைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். ஆற்றங்கரையில் சொல்வார் அரிது. ஆனால், ஒரு காலத்தில் கொள்ளிடத்தில் புதுவெள்ளம் வந்ததும் இந்த மீன் கூட்டங்கூட்டமாக எதிரேறி வந்தது. அது ஏன் வராமற் போயிற்று என்பதும், கங்கையில் அதே கதை பின்னர் எவ்வாறு நிகழ்ந்தது என்பதும், போன வழியை அதற்குத் திறந்துவிட இன்று செய்யப்படும் முயற்சிகளும் ஒரே வரலாற்றின் பகுதிகள்.

உல்லத்தின் வாழ்க்கை விசித்திரமானது. அது ஆற்றின் நன்னீரில் பிறக்கிறது. சில மாதங்கள் ஆற்றிலே வளர்ந்து, விரல் நீளமோ சாண் நீளமோ ஆனதும் கழிமுகத்தைக் கடந்து கடலுக்குச் செல்கிறது. கடலில் பெருத்து, பருவம் எய்தியபின், முட்டையிடுவதற்காக மீண்டும் ஆற்றுக்குள் நுழைகிறது. தென்மேற்குப் பருவ மழையில் ஆறு பெருகிக் கடலுக்குள் நன்னீரைத் தள்ளும்போது, அந்த நீரே அதற்கு அழைப்பு. அது எதிர்நோக்கிப் புறப்படுகிறது. பருத்த பெண்மீன் ஒன்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமந்து செல்லும். அவற்றில் மிகச் சிலவே பிழைத்து மீனாகும் என்பது வேறு. கடலுக்குத் திரும்பும் குஞ்சுகளை வங்கத்தில் ‘கோகா இலிஷ்’, அதாவது குழந்தை இலிஷ், என்று கொஞ்சலாக அழைத்து, அதே கொஞ்சலோடு வாங்கியும் தின்று விடுகிறார்கள்.

கங்கை மீன்களை முறையாக ஆராய்ந்து நூல் எழுதிய ஹாமில்டன் புக்கனன், 1822-ல் வெளிவந்த அந்நூலில் இம்மீனுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது, ‘இலிஷா’ என்ற வங்கச் சொல்லையே அதில் வைத்தார். இவர் நமக்கு அந்நியர் அல்லர். 1800-ல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கொங்கு நாடு, மலையாளம் ஆகிய பகுதிகளைச் சுற்றி வந்து, அங்கு கண்ட பயிர், தொழில், மக்கள் அனைத்தையும் குறித்து வைத்தவர் இவரே.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இத்தகைய வாழ்க்கை வாழும் மீன்களுள் பெயர் பெற்றது சால்மன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, ஆற்றுக்கே திரும்புகிறது அதுவும். அந்நாடுகளில் ஆறுகளுக்குக் குறுக்கே அணை எழுந்தபோது, மீனுக்கு வழி விட வேண்டும் என்ற எண்ணமும் உடன் எழுந்தது. அணையின் ஒரு பக்கத்தில் படிப்படியாகத் தொட்டிகளை அமைத்து, நீரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழியவிட்டால், சால்மன் துள்ளித் துள்ளி ஏறி அணையைக் கடந்துவிடும். இதற்கு மீன் ஏணி என்று பெயர். அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பானவில் அணை 1938-ல் திறக்கப்பட்டபோது இத்தகைய ஏணிகளோடுதான் திறக்கப்பட்டது. இந்த ஏணிதான் நம் நாட்டில் பின்னர் ஒரு பெருங்குழப்பத்துக்கு வித்தாயிற்று. அதற்கு முன் கொள்ளிடத்துக்குச் செல்வோம்.

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, வடகிளை கொள்ளிடமாகிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். கொள்ளிடம் தாழ்ந்த படுகை. நீர் முழுவதும் அதன் வழியே ஓடித் தஞ்சைத் தரணி வறண்டுவிடுமோ என்ற அச்சம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தது. இதற்குப் பரிகாரமாக ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் 1836-ல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், கீழே அணைக்கரை என்னும் இடத்தில் கீழணையையும் எழுப்பினார். கீழணையிலிருந்து பிரியும் வடவாறுதான் வீராணம் ஏரிக்கு நீர் தருகிறது. இந்த இரு அணைகளும் தஞ்சைக்கும் தென்னார்க்காட்டுக்கும் செய்த நன்மையைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. காட்டனுக்கு இரண்டு மாவட்டங்கள் கடமைப்பட்டுள்ளன. அவரே பின்னர் கோதாவரியில் தவளேஸ்வரத்தில் அணை கட்டி, ஆந்திர மக்களின் வழிபாட்டுக்கே உரியவரானார்.

ஆனால் கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி வந்த உல்லம், கீழணையின் சுவரில் முட்டி நின்றது. மேலே செல்ல வழி இல்லை. சினை நிறைந்த மீனாதலின் திரும்பிச் செல்லவும் மனமில்லை. அணைக்குக் கீழே தேங்கிய நீரில் ஆயிரக்கணக்கில் திரண்டது. செம்படவருக்கு அது பொற்காலம். வீசிய வலை நிறைந்தது. முட்டையிடுமுன் பிடிபட்ட ஒவ்வொரு பெண்மீனோடும் அடுத்த தலைமுறை அழிகிறது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஒரு மருத்துவருக்கு. சென்னைப் பட்டாளத்தில் அறுவை மருத்துவராக இருந்து, பின்னர் இந்திய மீன்துறையின் தலைமைக் கண்காணிப்பாளராக உயர்ந்த பிரான்சிஸ் டே என்பவர், 1873-ல் இந்தியா, பர்மா நாடுகளின் நன்னீர் மீன்களைப் பற்றி ஒரு விரிவான அறிக்கை அளித்தார். பாசனத்துக்காக எழுப்பிய அணைகள், எதிரேறும் மீன்களுக்கு எவ்வளவு பெரிய கேடு செய்கின்றன என்பதையும், அவற்றில் மீன் வழிகள் அமைக்கப்பட வேண்டும் என்பதையும் அவர் அழுத்தமாக எழுதினார். பாசன இலாகாவுக்கு அது இனிக்கவில்லை. அரசாங்கம் மெல்ல அசைந்து, 1897-ல் இந்திய மீன்வளச் சட்டத்தை இயற்றியது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அச்சட்டம் தடுத்தது. மாகாண அரசாங்கங்கள் விரும்பினால் விதிகள் செய்துகொள்ளலாம் என்று மற்றவற்றை அவற்றின் விருப்பத்துக்கே விட்டது.

கீழணையில் மீன் வழிகள் அமைக்கப்பட்டன. சால்மன் ஏறும் முறையை மனத்தில் கொண்டு அமைத்த வழிகள் அவை. உல்லம் ஏறவில்லை. காரணம் எளிது. சால்மன் துள்ளும் மீன், உல்லம் துள்ளாது. அது ஆழ்ந்த, தடையற்ற ஓட்டத்தில் கூட்டமாக நீந்திச் செல்லும் இயல்புடையது. குறுகிய தொட்டியும், பொங்கிக் கொப்பளிக்கும் சிறு அருவியும் அதற்கு அச்சத்தையே தரும். மாட்டுக்குப் போடும் லாடத்தை யானைக்குப் போட்டால் எப்படியோ, அப்படி ஆயிற்று. இதே பிழை பின்னர் சிந்து நதியில் கோட்ரி கதவணையிலும் செய்யப்பட்டது. அங்கே இம்மீனின் பெயர் பல்லா. சிந்திகளின் தெய்வமான ஜூலேலால் எழுந்தருளும் வாகனமே பல்லா மீன்தான். 1955-ல் திறந்த அந்தக் கதவணையில் வைத்த ஏணி பல்லாவுக்கு உதவவில்லை.

வழி விட்டும் மீன் ஏறவில்லையானால் என்ன செய்வது? சென்னை மாகாணத்தில் 1907-ல் மீன்துறைப் பணியைத் தொடங்கி வைத்த சர் பிரெடரிக் நிக்கல்சனின் காலத்தில் வேறொரு யோசனை பிறந்தது. அணைக்குக் கீழே அகப்படும் மீன்களிலிருந்தே முட்டைகளைப் பிதுக்கி எடுத்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து, குஞ்சு பொரிக்க வைத்தால் என்ன? 1909 வாக்கில் வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் கீழணையில் இதைச் செய்து பார்த்தார். அதைத் தொடர்ந்தவர் சுந்தரராஜ். பின்னர் சென்னை மாகாண மீன்துறையின் தலைவராக விளங்கியவர் இவர். நீரின் வெப்பம் இசைந்திருந்தால், கலந்த முட்டை ஏறத்தாழ ஒரே நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சை வளர்த்தெடுப்பதில்தான் தொல்லை. தொட்டியில் அடைபட்ட உல்லக் குஞ்சு எளிதில் மாண்டுவிடும். கை பட்டாலே செதில் உதிர்ந்து சாகும்.

கொள்ளிடத்தில் உல்லத்தின் வழக்கங்களையும் அதைச் செயற்கையாகப் பெருக்கும் முறையையும் பற்றிச் சுந்தரராஜ் 1917-ல் எழுதிய கட்டுரை வெளிவந்த இடம் எது தெரியுமா? கல்கத்தாவில், வங்க ஆசியக் கழகத்தின் இதழில். அணைக்கரையின் மணலில் நின்று ஒரு தமிழ்நாட்டு விஞ்ஞானி கண்ட உண்மையை வங்கம் அச்சிட்டுப் படித்தது. இன்று பார்க் தெருவில் அக்கழகத்தின் முன்னால் நடந்து செல்லும் தமிழர் இதை நினைத்துக்கொள்ளலாம். இலிஷைக் காக்கும் கலையில் நாம் வங்கத்துக்கு முந்தியவர்கள் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைத் தவிர வேறொன்றும் நம்மிடம் மிஞ்சவில்லை என்பதுதான் வருத்தம்.

ஏனெனில், 1925-ல் தொடங்கி 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. கீழணை உல்லத்தை நிறுத்தியது. மேட்டூர் அணையோ உல்லத்தை அழைக்கும் வெள்ளத்தையே நிறுத்தியது. ஆடிப் பெருக்கில் கடல்வரை சென்று நன்னீரைத் தள்ளிய கொள்ளிடம், மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டுகளில் மட்டுமே பெருகும் ஆறாயிற்று. அழைப்பு இல்லாத வீட்டுக்கு விருந்தினர் வருவதில்லை. சில ஆண்டுகளில் கொள்ளிடத்து உல்லம் தொழில் என்ற நிலையினின்று இறங்கி, எப்போதாவது அகப்படும் அதிசயமாகிவிட்டது. அணைகளின் விளைவு ஆறுதோறும் ஏறக்குறைய இவ்வாறே. கோதாவரியில் இம்மீனைப் புலசா என்பார்கள். தாலியை விற்றாயினும் புலசா உண்ண வேண்டும் என்று ஆந்திரத்தில் ஒரு பழமொழி உண்டு. விஜயவாடாவிலும் ராஜமகேந்திரவரத்திலும் வாழும் நேயர்கள் இதைக் கேட்டிருப்பர். அங்கும் அது தவளேஸ்வரத்தைத் தாண்டுவதில்லை. தாண்டுவதில்லையாதலின் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் தாலிப் பேச்சு வருகிறது.

இனிக் கங்கைக்கு வருவோம். வங்கத்தில் விஞ்ஞானிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இலிஷ் எங்கே முட்டையிடுகிறது என்று தேடி வந்தனர். விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. கல்கத்தாவுக்குக் குடிநீர் தரும் பல்தா நீர்நிலையம், பாரக்பூருக்கு அருகே ஹூக்ளிக் கரையில் உள்ளது. ஆற்று நீரைத் தெளியவைக்கும் அதன் பெருந்தொட்டிகளில், இலிஷ் குஞ்சுகள் ஏராளமாக இருப்பதைச் சுந்தர்லால் ஹோரா என்ற புகழ்பெற்ற மீனியல் அறிஞர் 1930-களின் இறுதியில் ஆராய்ந்தார். ஆற்று நீரோடு குழாய் வழியே உள்ளே வந்த சிறு முட்டைகளும் குஞ்சுகளும் அந்தத் தொட்டிகளில் வளர்ந்திருந்தன. நகரத்தின் குடிநீரும் மீனின் தொட்டிலும் ஒன்றாகவே இருந்தன. ஹோரா இதனோடு நிற்கவில்லை. அணைகளும் எதிரேறும் மீன்களும் என்ற பிரச்சினையைப் பற்றி 1940-லேயே எழுதி, வரப்போகும் அணைகளைக் குறித்து எச்சரித்தார். 1947-ல் கல்கத்தாவில் மத்திய அரசாங்கம் தொடங்கிய உள்நாட்டு மீன் ஆராய்ச்சி நிலையம் பின்னர் பாரக்பூரில் நிலைபெற்றது. பல்தாவுக்கு அது பக்கத்து ஊர்.

ஆகவே 1961-ல் பராக்காவில் கங்கையின் குறுக்கே கதவணை கட்டத் தொடங்கியபோது, அதனால் இலிஷுக்கு என்ன நேரும் என்பது தெரியாத செய்தி அன்று. கொள்ளிடம் சொல்லியிருந்தது, சிந்து சொல்லியிருந்தது, ஹோரா எழுதியிருந்தார். எனினும் பராக்காவின் காரணமும் சிறியதன்று. கங்கையின் பெருநீர் கிழக்கே பத்மாவாக ஓடிவிட, பாகீரதி-ஹூக்ளிக் கிளை வண்டலால் தூர்ந்து வந்தது. கல்கத்தாத் துறைமுகம் மூச்சுத் திணறியது. 2,240 மீட்டர் நீளமுள்ள கதவணையால் கங்கையைத் தேக்கி, 38 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியாக விநாடிக்கு 40,000 கன அடி நீரைப் பாகீரதிக்குள் திருப்பினால், வண்டல் அடித்துச் செல்லப்படும் என்பது திட்டம். 1975 ஏப்ரலில் கால்வாய் திறக்கப்பட்டது. வண்டல் எதிர்பார்த்தபடி போகவில்லை. பெருங்கப்பல்கள் ஹல்தியாவோடு நின்றன. இவ்வாறாகும் என்று வங்கப் பொறியாளர் கபில் பட்டாச்சார்யா முன்கூட்டியே வாதிட்டதற்குக் கிடைத்தது ஏச்சுத்தான். ஆனால் ஹூக்ளியில் உப்பு குறைந்து, கொல்கத்தாவின் குடிநீர் தித்தித்தது. பராக்காவைப் பழிக்க நினைக்கும் கொல்கத்தாவாசி தம் வீட்டுக் குழாயைத் திறக்குமுன் ஒரு கணம் எண்ண வேண்டியிருக்கிறது.

விலை கொடுத்தவர்கள் வேறிடத்தில் இருந்தனர். பராக்காவுக்கு முன்பு இலிஷ் பாட்னாவைக் கடந்து, பக்ஸரைக் கடந்து, அலகாபாத் வரை தொழிலுக்குரிய அளவில் சென்றது. யமுனையில் ஆக்ராவும் தில்லியும் வரை சென்றதாகப் பழைய குறிப்புகள் உண்டு. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடும் பிரயாணம் அது. பீகாரின் பக்ஸரில் முன்பு ஆண்டுக்குச் சராசரி 30 டன்னுக்கு மேல் கரையேறிய இலிஷ், அணைக்குப் பின் ஒரு டன்னுக்கும் குறைந்தது. ஒரு மீனைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்கள் படகை விற்று நகரங்களுக்குக் கூலிக்குச் சென்றன. அவர்கள் போராடியதாகவோ, இழப்பீடு கேட்டதாகவோ பெரிய வரலாறு இல்லை. அணையால் நிலம் மூழ்கியவனுக்குப் பட்டா உண்டு, கணக்கு உண்டு. ஆற்றில் மீன் வராமற் போனவனுக்கு எந்தப் பட்டாவைக் காட்டுவது?

பராக்காவிலும் மீனுக்கென்று வழி வைத்தார்கள் என்பதைச் சொல்லாவிடில் நியாயமாகாது. மதகுகளுக்கிடையே, கதவுகளைத் திறந்து மூடி மீனை மேலேற்றும் இரண்டு அறைகள் அமைக்கப்பட்டன. அவற்றால் பயன் விளையவில்லை. 109 மதகுகள் உள்ள இடத்தில், இரண்டு சிறு வாயில்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை மீனிடமே விட்டிருந்தார்கள்.

அரை நூற்றாண்டுக்குப் பின் இப்போது முயற்சிகள் மீண்டும் தொடங்கியுள்ளன. அவை மூன்று வகையானவை. மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் தர நம்மால் இயலாது.

முதலாவது, வலையைக் கட்டுப்படுத்துவது. மேற்கு வங்க அரசாங்கம் 2013-ல் வெளியிட்ட ஆணையில், லால்பாக் முதல் பராக்கா வரை, காட்வா முதல் ஹூக்ளித் துறை வரை, டயமண்ட் ஹார்பர் பகுதி ஆகியவற்றை இலிஷ் சரணாலயங்களாக அறிவித்தது. 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆணை நல்லது. ஆனால் கோகா இலிஷ் கொல்கத்தாவின் அங்காடிகளில் பகிரங்கமாகவே கிடைக்கிறது. நியூ டவுன் அங்காடியும் இதற்கு விலக்கன்று. பங்களாதேஷ் இதை வேறு வகையில் செய்தது. அங்கே இலிஷ் தேசிய மீன். முட்டையிடும் அக்டோபர் மாதத்தில் 22 நாள் முழுத்தடை; குஞ்சு வளரும் மாதங்களில் இளமீன் பிடிக்கத் தடை; தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு மாதம் 40 கிலோ அரிசி. பட்டினி கிடப்பவனிடம் சட்டம் பேசிப் பயனில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 2002-03-ல் ஏறத்தாழ 2 லட்சம் டன்னாக இருந்த அவர்களது இலிஷ் விளைவு, 2017-18-ல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. 2012-ல் ஏற்றுமதிக்குத் தடை விதித்த அந்நாடு, துர்க்கா பூஜையை ஒட்டிச் சிறிதளவு அனுப்ப இசைந்தாலே கொல்கத்தாவில் அது முதற்பக்கச் செய்தியாகிறது.

இரண்டாவது, மீனைத் தூக்கிக் கொண்டுபோய் விடுவது. பாரக்பூர் நிலையத்தார், கங்கைத் தூய்மைத் திட்டத்தின் ஆதரவோடு, பராக்காவுக்குக் கீழே பிடித்த இலிஷ்களை உயிரோடு கொண்டு சென்று அணைக்கு மேலே விடுகிறார்கள். சிலவற்றின் உடலில் அடையாளச் சீட்டும் பொருத்தி அனுப்புகிறார்கள். அத்தகைய மீன்கள் சில, அணைக்கு மேலே வெகு தொலைவில் செம்படவர் வலையில் அகப்பட்டிருக்கின்றன. வழி கிடைத்தால் இலிஷ் இன்றும் மேலே செல்லும், ஐம்பது ஆண்டுகளில் அதன் இயல்பு மாறிவிடவில்லை என்பதற்கு இது சான்று. பெரிய செய்திதான். ஆயினும், கையால் தூக்கி விட்ட மீனின் குஞ்சு கடலுக்குத் திரும்பி, பின்னொரு நாள் தானாக ஏறி வந்தாலன்றி ஆறு மீண்டது என்று சொல்ல முடியாது. வில்சனும் சுந்தரராஜும் கீழணையில் குஞ்சு பொரித்தார்கள், கொள்ளிடம் மீளவில்லை. இந்த ஒப்புமையைப் பாரக்பூர் நிலையத்தார் நம்மைவிட நன்கு அறிவர்.

மூன்றாவதே நமக்கு மிகுந்த நம்பிக்கை தருவது. ஹல்தியாவிலிருந்து அலகாபாத் வரை 1,620 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கை நீர்வழியில் கப்பல்கள் செல்வதற்காகப் பராக்காவில் புதிய லாக் ஒன்று திட்டமிடப்பட்டது. இரு முனையிலும் கதவுள்ள நீர் அறை அது. கப்பலை உள்ளே விட்டு, நீர்மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ மறுபக்கம் அனுப்பும் ஏற்பாடு. நம் பக்கிங்காம் கால்வாயில் படகு விட்ட முதியோர் இதை அறிவர். முட்டையிடும் பருவத்தில், கப்பல் செல்லாத பின்னிரவு 1 மணி முதல் 5 மணி வரை இதன் கதவுகளை மீனுக்காகத் திறந்து வைப்பது என்று 2019 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் அறிவித்தது. ஏணியில் துள்ளத் தெரியாத மீனுக்கு, ஆழமும் அகலமும் உள்ள வாயில் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட முதல் ஏற்பாடு இது. கப்பலுக்காகக் கட்டியதில் மீனுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கியதாகச் சிலர் குறை கூறலாம். பக்ஸர் செம்படவர் அந்த நான்கு மணி நேரத்தையும் வேண்டாமென்று சொல்லமாட்டார்.

வாயில் திறந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. இலிஷுக்கு ஆழம் வேண்டும், ஓட்டம் வேண்டும். கழிமுகம் வண்டலால் மேடிட்டு, மேலே பாசனத்துக்கும் நகரங்களுக்கும் நீர் எடுக்கப்பட்டு, கோடையில் எஞ்சிய நீரை 1996-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியாவும் பங்களாதேஷும் பங்கிட்டுக்கொள்கையில், அந்தக் கணக்கில் மீனுக்கு ஒரு பங்கு எழுதப்படவில்லை. நியூ டவுனில் நின்றுகொண்டு இதை எண்ணும்போது, காலடி மண்ணே ஒரு கதை சொல்கிறது. உப்புநீர் ஏறி இறங்கிய வித்யாதரி ஆறு ஒரு காலத்தில் இந்தக் கீழ்ப்புறத்தைத் தழுவி ஓடியது. கிளைகள் அடைபட்டு, ஓதநீர் பரவ இடமின்றி, வண்டல் மண்டி, 1928-ல் அது இறந்த ஆறு என்று அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டது. அதன் எச்சமாகிய சதுப்பு நிலங்கள் 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. வயலும் மீன்குட்டையுமாக இருந்த ராஜர்ஹாட்டில், 1999-ல் அமைந்த வீட்டுவசதிக் கழகம் நியூ டவுனை எழுப்பியது. நகரத்தின் நடுவே கழிவைச் சுமந்து செல்லும் பாக்ஜோலா கால்வாயைப் பாலத்தின்மேல் கடக்கும் எவரும், ஆறு ஒன்று செத்தால் அதன் இடத்தில் என்ன ஓடும் என்பதை முகர்ந்தே அறியலாம்.

மீட்க முடியும் என்பதற்கு வெளிநாட்டில் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837-ல் எழுந்த எட்வர்ட்ஸ் அணை, 1999-ல் இடித்து நீக்கப்பட்டது. அதன் மின்சாரத்தைவிட மீன் வழியே நாட்டுக்குப் பயன் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அங்கே அடைபட்டிருந்த மீன்களில் உல்லத்தின் உறவினமான ஷாடும் அதன் தம்பி போன்ற ஏல்வைஃப் என்பதும் இருந்தன. 160 ஆண்டுகளுக்கு மேல் வழியின்றி நின்ற மீன்கள், வழி கிடைத்ததும் லட்சக்கணக்கில் ஏறின. பராக்காவை இடிப்பார் யாருமில்லை. மேட்டூரையும் இடிப்பார் இல்லை. நாமும் அதைக் கேட்கவில்லை. கேட்பது வாயிலும் வெள்ளமும்.

கொள்ளிடத்துக்கு அந்த வாய்ப்பு அண்மையில் ஒருமுறை வந்தது. 2018 ஆகஸ்ட் 22 அன்று, மேட்டூர் நிரம்பி வழிந்த வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. காட்டன் அமைத்த அணையின் ஒரு பகுதி 182 ஆண்டுகளுக்குப் பின் உடைந்ததை நாடே படத்தில் கண்டது. அங்கே புதிய கதவணை எழுந்தது. கீழணைக்கும் கீழே, கடலை நோக்கி, ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையில் மற்றொரு கதவணையும் கட்டப்பட்டது. உப்பு ஏறாமல் தடுக்கவும் நிலத்தடி நீரைப் பெருக்கவும் அது தேவை என்பதில் ஐயமில்லை. இவ்விரு கட்டுமானங்களைப் பற்றி எத்தனையோ செய்திகளை இங்கிருந்தே படித்தோம். மதகின் எண்ணிக்கை, கான்கிரீட்டின் அளவு, தேங்கும் நீரின் கணக்கு எல்லாம் அவற்றில் இருந்தன. உல்லம் என்ற சொல் ஓரிடத்திலும் நம் கண்ணில் படவில்லை. பழையாற்றுக் கழிமுகத்தில், மேட்டூர் வழியும் ஆண்டில் நன்னீர் கடலுக்குள் பாயும்போது, அந்த அழைப்பைக் கேட்டு ஏறி வரும் மீன் இனிக் கீழணையைக் காண்பதற்கு முன்பே ஆதனூரில் ஒரு கதவைக் காணும்.